எங்கள் புள்ளியின் புகை

மார்கழி 24, 1970
காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவப்பு.

கல்யாணமான கையோடு எங்களை வேறு வைத்தார்கள். ஒரே வீடு, தனி அடுப்பு. கோயில் கணக்கில் அவரும் நானும் ஒரு புள்ளி. புள்ளியில் பாதி பினாங்குக் கடையில். மீதிப் பாதி இங்கே ஒரு கை அரிசி வடித்துக்கொண்டு.

பொங்கலுக்கு வருகிறாராம். பிளேனில்! போன தடவை கப்பல்.

மார்கழி 26
வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி புடைத்தாயிற்று. அவர் வேட்டிகள் வெயிலில். மண்ணெண்ணெய் செக்காலை ரோட்டுக் கடையிலும் இல்லை.

கொழுந்தனார் காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். புலம்பலைக் கேட்டுவிட்டு, "பிளேனும் ஒரு மாதிரி மண்ணெண்ணெய்லதான் ஓடுது, அண்ணமிண்டி. பீப்பா பீப்பாயாக் குடிக்கும்."

இங்கே ஸ்டவ்வுக்கு ஒரு பாட்டிலுக்கு வழியில்லை.

அடுப்போ பஸ்ஸோ பிளேனோ, எது எரிந்தாலும் கரியமில வாயுவாம். புகை கலைந்தாலும் அது காற்றிலேயே கிடக்குமாம். "சேந்துக்கிட்டே போனா உலகமே சூடாகும்னு சில பேர் சொல்றாக."

"அப்ப உங்க அண்ணனை நடந்து வரச் சொல்லவா?"

சிரித்துவிட்டார்.

எரியட்டும். எத்தனை பீப்பாய் வேண்டுமானாலும் எரியட்டும். அவர் வந்தால் போதும். இப்படி எழுதுவது தப்பா? தப்பாகவே இருக்கட்டும்.

மார்கழி 29
தந்தி. கடைப் பங்காளிக்கு உடம்பு சரியில்லை. வர முடியாது. சித்திரையில் பார்க்கலாம்.

பார்க்கலாமாம்!

அந்த பிளேன் அவர் இல்லாமலும் பறந்திருக்கும். எண்ணெய் எரிந்ததுதான் மிச்சம். வேட்டிகள் திரும்பப் பெட்டிக்குள்.

மாமியாரிடம் போய், "பொங்கலுக்கு உங்க அடுப்புலயே சேந்துக்கிறேன். எனக்குத் தனியா வேணாம்" என்றேன்.

"நல்லாருக்கு! புள்ளிக்கு ஒரு பொங்கல். அவன் அங்குட்டு இருந்தா புள்ளி இல்லேன்னு ஆயிருமா?"

தை 1
நல்ல வெயில். வளவு வாசலில், நடு முற்றத்தில், வரிசையாக அடுப்புகள். என்னுடையது கடைசி. மற்ற அடுப்புகளில் எல்லாம் ஜோடி. பொறாமைதான், வேறென்ன.

பால் பொங்கியது. சங்கு ஊதினார்கள். புகை மேலே போனதைப் பார்த்துக்கொண்டே கொழுந்தனாரிடம் கேட்டேன்: "அந்த வாயு பினாங்கு வரைக்கும் போகுமா?"

"எங்குட்டும் போகும், அண்ணமிண்டி. கடலெல்லாம் தாண்டும். கொஞ்ச நாளாகும், அம்புட்டுத்தான்."

அதற்கு டிக்கெட் வேண்டாம். தந்தியும் வராது.

பானையை இறக்கிவிட்டேன். அடுப்பு அணையப் பார்த்தது.

"பொங்கி இறக்குன பெறகு எதுக்கு ஆத்தா வெறகு?" மாமியார்.

இன்னொரு கட்டை வைத்தேன்.