பாதிச் சவரமும் ஹமாமெலிஸ் புட்டியும்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உன் மகள் கலா எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்தவள், போனில் பார்த்து வரவழைத்த ஒரு புட்டியை என் முன்னால் வைத்தாள். "அத்தை, இதுக்குப் பேரு விட்ச் ஹேசல். பன்னீரோட கலந்து முகத்துல போட்டா எண்ணெய் வழியாது, பருவும் அடங்கும்" என்றாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சிரிப்பு தாங்கவில்லை. "அடியே, இது உங்கப்பன் சலூன் தண்ணிடி" என்றேன். அவள் நம்பவே இல்லை.

அவளுக்கு எப்படித் தெரியும்? குடவாசல் கடைத்தெருவில் நீ ஒற்றை நாற்காலி போட்டு சலூன் நடத்தியபோது அவள் பிறக்கக்கூட இல்லை. தரங்கம்பாடியிலிருந்து வந்து ஹோமியோபதி பார்த்துக்கொண்டிருந்த லுத்தரன் டாக்டர், நம் அப்பாவின் மூலத்துக்குக் கொடுத்த மருந்துதான் இது, அவர் சொன்ன பேர் ஹமாமெலிஸ். ஸ்பிரிட்டில் ஊறிய ஏதோ குளிர்தேசத்துச் செடியின் சாறு, ரத்தத்தைக் கட்டும் என்று அவர் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். ரத்தத்தைக் கட்டுமென்றால் கத்தி பட்ட கன்னத்துக்கும் ஆகும்தானே என்றாய். ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் கன்னம் மணக்கத் தடவிக்கொண்டு போனது மூல வியாதி மருந்து என்பது நமக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் புட்டியை எதுவும் கலக்காமல் அப்படியே தடவினாயே, அந்தக் கூத்து நினைவிருக்கிறதா? சாராயக் கடையைத் திறந்துவிட்டு, அரசாங்கம் மறுபடியும் மூடியிருந்த நேரம். உன்னிடம் சவரம் செய்துகொண்டு போன மளிகைக் கடைக்காரர் மேல் ஸ்பிரிட் வாசனை அடித்தது. காலையிலேயே எங்கேயோ திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் பெண்டாட்டி துடைப்பத்தோடு கடைக்கே வந்துவிட்டாள். "சலூன் நடத்துறியா, சாராயக்கடை நடத்துறியா?" என்று அவள் கேட்க, நீ புட்டியை அவள் மூக்கில் காட்டிச் சத்தியம் செய்தாய்.

அதன் பிறகுதான் கலவை என் கைக்கு வந்தது. மண்பானையில் வெட்டிவேரை ஊறவைத்து வடிகட்டுவேன். அதில் கூத்தாநல்லூர் பாய் கடைப் பன்னீரும், கொஞ்சம் ஹமாமெலிஸும், சில சொட்டுக் கிளிசரினும் சேர்ப்பேன். கிளிசரின் குறைந்தால் தோல் இழுக்கும், கூடினால் பிசுபிசுக்கும். சோதித்துப் பார்க்க உனக்கு என் கன்னம்தான் கிடைத்தது, பாவி. பொடுகுத் தலைக்குச் சீயக்காய் போட்டு அலசிய பிறகு அதையே மண்டையில் தேய்க்கக் கொடுப்பேன். அறுவடையில் நெல் சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கிறது என்று பண்ணையாள் தெருப் பெண்கள் புட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தத் தெரு மருதமுத்துவின் மனைவி வராத வாரமில்லை.

அவர்கள் தெரு ஆண்களுக்கு உன் கடைக்குள் இடமில்லை. கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்காரவேண்டும், அவர்களுக்குத் தனிக் கத்தி. நீ உண்டாக்கிய வழக்கமில்லை, ஆனாலும் நீயும் அப்படித்தான் செய்தாய். பிறகு அறுவடைக் கூலிக்காகச் செங்கொடி ஏறியது. மருதமுத்துதான் முன்னால் நின்றார். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள், வயலில் அடிதடி, தெருவில் போலீஸ். வேலைக்கு வராதவன் எவனுக்கும் கொல்லையில்கூடக் கத்தி பிடிக்கக் கூடாது என்று நம் ஊர் மிராசுதார் உனக்குச் சொல்லி அனுப்பினார். கடை இருந்த இடம் அவருடையது. நம் வீட்டில் உலை கொதித்ததே அந்தக் கடையை நம்பித்தான்.

அன்று காலை நான் புதுப் புட்டியோடு வந்து பின்கதவருகே நின்றேன். நாற்காலியில் மிராசுதாரின் காரியஸ்தர், ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு இருந்தார். மருதமுத்து முன்வாசல் வழியாக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "அண்ணே, எனக்கும் சவரம் பண்ணணுங்க" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என்ன சொல்வேன் என்று நினைத்தாய், அண்ணா?

"இருங்க, ஐயாவுக்கு முடிச்சிட்டு வர்றேன்" என்றாய் அவரிடம். கொல்லைக்குப் போ என்று சொல்லவில்லை.

காரியஸ்தர் துள்ளி எழுந்தார். "ஏன்டா, அவனும் நானும் ஒரே நாற்காலியா?" என்றார். "உட்காருங்கய்யா, இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு" என்று நீ கெஞ்சினாய். அவர் கேட்கவில்லை. பாதிச் சவரமும் பாதி நுரையுமாகக் கடைத்தெரு முழுக்க நடந்தே போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மருதமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். லேசில் யாரையும் கீறாத உன் கத்தி அன்றைக்கு அவர் தாடையைக் கீறி, ரத்தம் வந்துவிட்டது. புட்டியை வாங்கி உள்ளங்கையில் ஊற்றி, அங்கே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாய். "பரவால்லண்ணே, அரிவா பட்டப்பல்லாம் எங்களுக்கு யாரு மருந்து போட்டா?" என்றார் அவர். நீ கையை எடுக்கவே இல்லை. பயந்துதானே இருந்தாய்? நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை.

மறுநாளே கடைக்குப் பூட்டு. வாய்க்கால் மேட்டில் பூவரச மரத்தடியில் நாற்காலியைப் போட்டாய். பெரிய மனிதர்கள் வரவில்லை, வயிறு காய்ந்த நாளும் உண்டு. கொஞ்ச நாளில் காரியஸ்தர் வீட்டம்மா நம் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். வேறு யாரோ சவரம் செய்து ஐயாவின் கன்னமெல்லாம் கொப்புளமாம், அந்தத் தண்ணீர் வேண்டுமாம். கொடுக்க மாட்டேன் என்று நான் குதித்தேன். "குடு புள்ள, எரியுறது மூஞ்சிதானே" என்றாய். திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். பிறகு கூலி ஒப்பந்தமாகி ஊர் அடங்கியதும் கடைத்தெருவிலேயே வேறு இடம் கிடைத்தது. கொல்லைப்புறமே இல்லாத கடையாகப் பார்த்து எடுத்தாய்.

கலாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மருதமுத்து அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். தடியூன்றி, கழுத்தை மறைத்த வெள்ளைத் தாடியோடு. உன் கை தவிர வேறு கை படாத முகம் அது. "என்னண்ணே இது கோலம்?" என்றேன்.

"அண்ணன் செத்தா வருஷம் கழியுற வரைக்கும் தாடி எடுக்கக் கூடாதுல்ல, தங்கச்சி" என்றார்.

கலா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். வருஷம் கழிந்ததும் யார் எடுப்பது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நான் எடுக்கிறேன் என்றேன். "உனக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது கலா வாங்கித்தந்த பலூன்களுக்குச் சோப்புப் போட்டுச் சிரைத்துப் பழகுகிறேன், அண்ணா. வெடிக்காத பலூன் இன்னும் ஒன்றுகூட இல்லை. நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். ஆனாலும் விடமாட்டேன். வெட்டிவேர் தண்ணீரைக் கூட்டி, புதிதாக ஒரு புட்டி கலந்துவைப்பேன். வருஷம் முடியும் நாளில் அவரை நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, என் கையால் அந்தத் தாடியை எடுப்பேன். அதற்குப் பிறகுதான் உனக்கு இலை போடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் தங்கை,
ராசாத்தி