புரொஜெக்டருக்கு வாங்கிய வேறு கம்பெனி பல்பு

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள், இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதக் கை கூசுகிறது. போனில் சொன்னால் பாதியில் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் டிரைவிங் ஸ்கூலில் சிக்னல் பாடம் காட்டும் புரொஜெக்டர் மங்கி, சிவப்பு விளக்கே பழுப்பாகத் தெரிந்தது. அசல் பல்பு இப்போது வருவதில்லை என்று உன் அக்கா வீட்டுக்காரர் வேறு கம்பெனி பல்பு வாங்கி வந்தார், எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. மாமா, கண்ணாடியைக் கையால தொட்றாதீங்க, துணியால பிடிங்க என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவர் எடுக்கப் போனார். முப்பது வருஷமாக ஹெட்லைட் துடைக்கிறவனுக்கு இவர் பாடம் எடுப்பதா என்று வாயால் ஊதி, கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துப் பொருத்தினேன்.

மூன்றாம் நாள் வகுப்பு நடக்கும்போதே டமார் என்று வெடித்தது. முன்வரிசைப் பெண்ணின் காதைச் சில்லு கிழித்து ரத்தம் கொட்டியது. மாப்பிள்ளை ஓடி வந்தார், கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மட்டமான சரக்கை வாங்கிவிட்டு மறைக்கிறான் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஜாக்கி லிவரால் முகத்திலேயே அடித்தேன். விழுந்த பிறகும் மிதித்தேன். அவர் திருப்பிக் கை ஓங்கவில்லை. உன் அக்கா வந்து என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதியபோதுதான் நிறுத்தினேன். தாடை இரண்டு இடத்தில் உடைந்து, கம்பி கட்டியிருக்கிறார்கள்.

நேற்று உன் அம்மா மாப்பிள்ளையின் சட்டையை அலசும்போது அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். என் கட்டைவிரல் ரேகை கண்ணாடியோடு வெந்து வெள்ளையாக இருந்தது. கைப்பிசுக்குப் பட்ட அந்த இடம்தான் சூடு தாங்காமல் வெடித்திருக்கிறது. இருபது பிள்ளைகள் முன்னால் என் மானம் போகக்கூடாது என்று ஒளித்திருக்கிறார், அதற்குத்தான் நான் அடித்திருக்கிறேன். போலீஸ்காரர் கேட்டதற்கும் மாடிப்படியில் விழுந்தேன் என்று எழுதிக் காட்டியிருக்கிறார். அக்காவுக்கு இன்னும் இது தெரியாது. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விடும்வரை தலைக்கு ஊற்றாதே. அக்கா உனக்குப் போன் செய்வாள், அப்பா பாவம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா