விபூதி போட்டுத் துலக்கிய காசு

கார்த்திகை, முதல் வெள்ளி. வெலிங்டன், நீலகிரி.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், என் ரோமானிய வெள்ளிக்காசு பூஜைத் தட்டில் பளபளக்கிறது. விளக்குகளோடு அதையும் சேர்த்து சரோஜா விபூதி போட்டுத் துலக்கிவிட்டாள். ஆயிரத்து அறுநூறு வருடமாகப் படிந்த கருப்பு, பழங்காசுக்கு மதிப்பே அதுதான், ஒரே தேய்ப்பில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கத்தில் காட்டலாம் என்று வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க, எழுத்தைச் சுத்தி மாலை போட்டிருக்குதுங்களே. கோயில் காசுன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றாள்.

கத்திவிட்டேன். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் இலை மாலைக்குள் இருப்பது ஒரு வேண்டுதல்: ஐந்து வருடம் நல்லபடியாக ஆண்டாயிற்று, பத்து வருடமும் ஆள வேண்டும். இந்த மாதிரிக் காசைச் சிப்பாய்களுக்குத்தான் நிறையக் கொடுத்தார்கள், ராஜாவை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக.

அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராசாவுக்கு வேண்டிக்கிட்டாங்க, சரிங்க. அந்தச் சிப்பாய்ங்களுக்கு யாருங்க வேண்டிக்கிட்டாங்க?"

அப்படி ஒரு காசை நான் பார்த்ததில்லை என்றேன்.

எங்கள் மகன் செந்தில் ராணுவத்தில் சேர்ந்து எல்லைக்குப் போனதிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும் அவள் விளக்கேற்றத் தவறியதில்லை. இந்த வாரம் அவன் போன் செய்யவில்லை.

படுக்கப் போகும்முன் காசை டப்பாவில் வைக்க எடுத்தேன். மாலைக்கு நடுவே, அந்த எழுத்தின்மேல், குங்குமம் வைத்திருந்தாள். திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சங்கத்துக்கு வேறு ஏதாவது கொண்டுபோகலாம்.