தொண்டையில் அடைத்திருப்பது

ஜூலை 8, செவ்வாய்
வெயில். மாமல்லபுரத்தில் ஒரு விடுதி. ஆறு ஏ.சி. சர்வீஸ் செய்தேன். என்ன உணர்கிறேன் என்று தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் மனநல டாக்டரம்மா. இன்று: தோள் வலி. பசி இல்லை. வேறு தெரியவில்லை.

என் மனைவி ஷமீமா தாய்வீடு போய் இருபத்திரண்டு நாள். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண். அடக்கம் செய்துவிட்டு வந்தேன். வந்ததும் ஒழுகிய குழாயைச் சரிசெய்தேன். ஷமீமா பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“புள்ளய பொதச்சிட்டு வந்து குழாய் மாட்டிகினு கீறீங்க. ஒரு சொட்டு கண்ணீரு இல்ல. நீங்கல்லாம் மனுசனா?”

குழாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். ஒழுகவில்லை. அன்றே கிளம்பிவிட்டாள்.

ஜூலை 9, புதன்
செங்கல்பட்டு. தலை ஸ்கேன். உள்ளே படுத்தபடி துஆ கேட்டேன்: கட்டியோ, ரத்த உறைவோ, ஏதாவது இருக்கட்டும். படத்தை ஷ.விடம் காட்டலாம்.

ஜூலை 11, வெள்ளி
ஜும்மா தொழுகை முடிந்து டாக்டரம்மாவிடம். ரிப்போர்ட்டில் குறை எதுவும் இல்லை.

“அப்ப நான் ஏன் டாக்டர் இப்படி?”

“உடம்புல நடக்கிறத கவனிக்கிற இடம் மூளைக்குள்ள ஆழத்துல இருக்கு. அது இன்னதுன்னு பேர் வைக்கிற வேல வேற இடங்கள்ல நடக்குது. சில பேருக்கு ரெண்டும் சரியா பேசிக்கிறதில்ல. அது இந்தப் படத்துல தெரியாது, சாதிக். உங்களுக்கும் உணர்ச்சி வருது. அடையாளம்தான் தெரியல.”

ஒரு தாள் தந்தார். துக்கம், பயம், ஏக்கம், குற்ற உணர்வு... முப்பது சொற்கள். என்னுடையதை டிக் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் பேனாவோடு. ஒன்றுகூட இல்லை. கசக்கினேன். மறுபடி நீவினேன்.

ஜூலை 13, ஞாயிறு
தூறல். கேளம்பாக்கம், ஷ.வின் தாய்வீடு. மாமி கதவைத் திறந்தார். “அஞ்சு நிமிசம்தான் தம்பி.”

ஷ. இளைத்துவிட்டாள். ஸ்கேன் பற்றிச் சொன்னேன்.

“அதுக்கு நான் இன்னா பண்ணணும்?”

உடம்பில் இருப்பதை அப்படியே சொன்னேன். “அன்னிலேர்ந்து தொண்டையில ஒண்ணு அடைச்சிகினு கீது. தண்ணி குடிச்சாலும் போவல. பாப்பா துணி வச்ச பீரோவ தொறந்தா கை நடுங்குது. இன்னான்னு தெரியல ஷமி.”

என் தொண்டையில் கை வைத்தாள். “அது அழுகைங்க,” என்றாள். அவள் அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வூட்டுக்கு வர்றியா?”

“இப்ப முடியாது. நான் மட்டும் அழுதுகினு கெடக்கிற வூட்டுக்கு எப்டி வருவேன்?”

பஸ் ஸ்டாப். வீட்டுக்குப் போகிற மாமல்லபுரம் வண்டி மூன்றை விட்டுவிட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறேன். அழுகை வரவில்லை.