ரங்கூனிலிருந்து நடந்து வந்தவருக்கு ஒரு பேனர்

ஜனவரி 9, வெள்ளி

கடும் பனி. பூதலூர் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை. ரயில் தாமதம். பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழாப் பேச்சுதான், என் வரலாற்று வகுப்பை யாரும் தேடவில்லை.

என் புத்தகத்தின் புரூஃப் வந்துவிட்டது. ஊர், யுத்தம், டூரிங் டாக்கீஸ், மூன்று பகுதியும். திருத்தி 19ஆம் தேதிக்குள் தரவேண்டுமாம். அட்டையில் என் பெயரைவிடப் பதிப்பகத்தின் பெயர் பெரிது. இருக்கட்டும்.

பார்க்க வேண்டியவை: பக்க எண். படக் குறிப்புகள். நன்றியுரை (யாரை விட்டாலும் சண்டை வரும்). தொண்டைக்கு மிளகு ரசம்.

ஜனவரி 11, ஞாயிறு

மழைத் தூறல். கதிர் முற்றி நிற்கும்போதா வரவேண்டும்.

வேலாயுதம் (வே.) வந்தார். காத்தமுத்து ஐயாவின் மகன். அறுவடை மெஷின் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் ரசிகர் மன்றத் தலைவர், மீசை இன்னும் அதே மீசை. வெளியீட்டு விழாவை ஊரில் தன் பொறுப்பில் நடத்துகிறேன் என்றவர். அவர் அப்பா சொன்ன பகுதியை ஆசையாக வாசித்துக் காட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காத்தமுத்து ஐயாவுக்கு இப்போது தொண்ணூறு இருக்கும். யுத்தத்தின்போது சிறு பையன். அவருடைய அப்பா ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் குடும்பமே நடந்து புறப்பட்டிருக்கிறது. மலைப்பாதையில் ஓரிடத்தில் அப்பா சேற்றில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். "என்னால ஆவாது, புள்ளைகள அழைச்சிக்கிட்டு நீ போ." அம்மா விறகுக்கட்டையால் முதுகில் போட்டு எழுப்பி நடக்க வைத்திருக்கிறாள். எல்லோரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவுதான் பத்தி.

வே. முகம் சுண்டிவிட்டது.

"எங்க தாத்தா அழுதாரு, பொம்பளகிட்ட அடி வாங்குனாருன்னு புத்தகத்துல போடுவீங்களா சார்? நான் எம் பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்."

"உங்க அப்பா சொன்னதுதாங்க. ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன்."

"அவருக்கு வயசாயிடுச்சு. அத எடுத்துடுங்க. பட்டாளத்துல இருந்தாரு, துப்பாக்கியோட வந்தாருன்னு போடுங்க."

போகும்போது, "விழாவுக்கு மண்டபம் கெடைக்குமான்னு பாக்கணும்" என்றார். போன வாரம் வரை மண்டபம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. புரிந்தது.

ரேவதியிடம் புலம்பினேன். "அவருக்கு எதுக்குப் படிச்சுக் காட்டுனீங்க?" கட்டிய மனைவி வேறு எதற்கு இருக்கிறாள்.

ஜனவரி 13, செவ்வாய்

விடுமுறை. மூன்றாம் பகுதியின் புரூஃப். டூரிங் டாக்கீஸிலிருந்து ஆண்கள் வெளியே வரும்போது நடையே மாறியிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, பாலத்தின் மேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் காத்தமுத்து ஐயாவின் அப்பாவும் இருந்திருக்கிறார். சண்டைக் காட்சியில் குண்டு வெடித்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாராம். கேட்டால் பீடி பிடிக்கப் போனதாகச் சொல்வாராம். புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. சேற்றில் உட்கார்ந்த பத்தியை எடுத்துவிட்டால் இதுவும் வெறும் பீடிக் கதை ஆகிவிடும்.

அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று பெரியப்பா என் தோளை அழுத்தி, "ஆம்பளப் புள்ள, கண்ணத் தொடச்சிக்க" என்றார். துடைத்தேன். அதன்பிறகு எதற்குமே அழுகை வருவதில்லை. எரிச்சல் மட்டும் வருகிறது. இன்றைக்கு நிறைய வருகிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நல்ல வெயில். பால் பொங்கியது, ரேவதி குலவையிட்டாள், நானும் சிரித்தேன். கடைத்தெருவுக்குப் போகும்வரை எல்லாம் சரியாக இருந்தது.

பேனர் வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆள் உயரம். பொங்கல் வாழ்த்தும் நூல் வெளியீட்டு அறிவிப்பும் ஒன்றாக. வேலாயுதத்தின் தாத்தாவுக்கு இருந்த ஒரே ஸ்டுடியோ படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, ஏதோ ஒரு ராணுவ அதிகாரியின் உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். பின்னால் டாங்கி, மேலே ஹெலிகாப்டர். ரங்கூனில் மூட்டை தூக்கியவருக்கு ஹெலிகாப்டர்! வே. கறுப்புக் கண்ணாடியில். மன்றத்து ஆட்கள் வரிசையாக. ஓரத்தில் தபால் தலை அளவில் நான். புத்தகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், இல்லை.

போன் செய்தேன். "எப்படி சார், மாஸா இருக்குல்ல?" என்றார்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். மைக் செட் இரைச்சல், தலைவலி. காத்தமுத்து ஐயாவையே பார்த்துப் பேசிவிடலாம் என்று போனேன். பேனருக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கேதானாம். பக்கத்தில் இருந்தவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஐயா, ஒங்கப்பா மிலிட்டரியா?"

"ஆமாமா. துப்பாக்கியெல்லாம் வச்சிருந்தாரு. மலையில எங்கள அவருதான் காப்பாத்திக் கொண்டாந்தாரு."

நவம்பர் மழையில் நனைந்துகொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்து எழுதியது நான். இந்த வாயாலேதான் விறகுக்கட்டையையும் சொன்னார். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். டீ கூடக் குடிக்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

நாளை கெடு. இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் மறுபடி போனேன். ஐயா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வே. மெஷினோடு வயலுக்குப் போய்விட்டாராம். நல்லது.

"ஐயா, எங்கிட்ட சொன்னது நெசமா, நேத்து டீக்கடையில சொன்னது நெசமா?"

"ஒங்ககிட்ட சொன்னதுதான், வாத்தியாரே."

"அப்புறம் ஏங்க அப்படி?"

"எப்ப நெனச்சாலும் எனக்கு அவரு அந்தச் சேத்துலதான் ஒக்காந்திருக்காரு. அந்த பேனர்ல நிக்கிறாரு. பாக்க நல்லாருக்கு."

கோபப்படத்தான் போனேன். முடியவில்லை. "அப்ப அந்தப் பத்திய எடுத்துடட்டுங்களா?"

"எடுக்காதீங்க." சட்டென்று சொன்னார். "எங்கம்மா அன்னிக்கி அடிக்கலன்னா நாங்க யாருமே வந்திருக்க மாட்டோம். அவள எந்த பேனர்ல போட்டானுவ? இருக்கட்டும். எம் மவன்கிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க."

"அச்சாகி வந்தா தெரிஞ்சிடாதா?"

அப்போதுதான் சிரித்தார். "புத்தகந்தான வாத்தியாரே? எவன் படிக்கப் போறான்?"

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்தியில் கை வைக்காமல் புரூஃபை அனுப்பினேன். பிறகு வே.க்குப் போன் செய்து, எடுத்தாயிற்று என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் சார். மண்டபம் பேசிட்டேன். அடுத்த பேனர்ல ஒங்க போட்டோவப் பெருசா போடச் சொல்றேன்."