எந்த வாடை

இன்று விடியலில் கண் எரிந்துதான் விழிப்பு வந்தது. ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியை அடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து உன் கோடு போட்ட நோட்டை எடுத்தேன். நீ போனபிறகு உன் வீட்டார் இதை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார்கள். தமிழில் இருந்ததால் அவர்களுக்குப் படிக்க வரவில்லை.

எங்கள் எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க, ஒரு வருடத் தொண்டுக்கென்று கடல் கடந்து வந்தாய். என் மாடி அறையில் தங்கினாய். புத்தகத் தமிழோடு வந்த நீ, ஐஸ் வண்டிக்காரரிடம் "நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று கேட்க, அவர் மிரண்டுபோய், "இன்னாக்கா, போலீஸா இவங்க?" என்று என்னிடம் கேட்டார். இரண்டே மாதத்தில், "அக்கா, வூட்ல கீறியா?" என்று படியிலிருந்தே குரல் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாய்.

வந்த புதிதில் ஆலை நாற்றம் தாங்காமல் எந்நேரமும் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாய். எனக்குக் கோபம்கூட வந்தது. "பழகிடும்" என்றேன். பழகியும் விட்டது.

மார்கழியில் ஒருநாள் கரையில் நின்றபோது, வலையைச் சுருட்டிக்கொண்டே என் அண்ணன், "வாட அடிக்கிது, இன்னிக்கு கடலுக்குப் போவ முடியாது" என்றார். வாடை என்றால் என்ன என்று கேட்டாய். வடக்கேயிருந்து வரும் குளிர்காற்று என்றேன். நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டாய். உன் ஊர்க் குளிர் நினைவுக்கு வருகிறது என்று சொல்லி, அன்றுமுதல் காற்று திரும்பினால் ஜன்னல் இரண்டையும் திறந்து வைப்பாய்.

நாற்றத்துக்கும் எங்கள் வாயில் அதே சொல்தான் என்று நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை. தினமும் மூக்கில் ஏறுவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலை நான் மீன் எடுக்கக் காசிமேடு போயிருந்தேன். ஆலையின் வாயுக் குழாய் ஒன்று விட்டுப்போய், தெருவே இருமிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு ஓடியிருக்கிறது. அண்ணன் ஓடுகிற ஓட்டத்தில் உன் கதவைத் தட்டியிருக்கிறார்.

"வாட அடிக்கிது, எய்ந்து வாம்மா!"

தூக்கக் கலக்கத்தில் உள்ளேயிருந்து சொன்னாயாம்: "தெரியும்ணா. நல்லா கீது."

வந்துவிடுவாய் என்று நினைத்து அவர் இறங்கிவிட்டார். நான் வந்து பார்த்தபோது ஜன்னல் இரண்டும் திறந்து கிடந்தன. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். பேச்சு திரும்பாமலே போய்விட்டாய். அண்ணன் இன்றுவரை அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. காற்றைக் கையால்தான் காட்டுகிறார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று பலமுறை சொல்லிவிட்டேன். கேட்கிற ஆள் இல்லை அவர்.

உன் அறையில் இப்போது ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, கைக்குழந்தையோடு. நம் பேச்சு அவர்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் மொழியில் ஒரே ஒரு சொல்லைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன், 'ஓடு' என்பதற்கு.

மூக்கு மறுபடி குத்துகிறது. ஈரத்துணி தாங்காது போலிருக்கிறது. எழுதியது போதும், மாடிக்குப் போகிறேன். அந்தச் சொல்லைச் சொல்வேன். சொன்னதோடு திரும்பிவிட மாட்டேன். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இறங்குவேன்.