செவ்வாய்க்கிழமை வகுப்பு

ஆஷ்கோட்
9 அக்டோபர் 2023

அன்புள்ள லொரெய்ன்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாதே, ஏதாவது இருந்தால் எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். அதன்படியே எழுதுகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது. கொல்லைப்புறத்து ஆப்பிளை இந்த வருஷமும் பறிக்கவில்லை, பறவைகள் தின்று தீர்த்துவிட்டன.

விஷயம் இதுதான். உன் கார் இன்னும் என் பெயரில் இருப்பதால் போலீஸ் கடிதம் எனக்கு வந்திருக்கிறது. செப்டம்பர் 26 காலை, சேப்பல் சாலை, மணிக்கு முப்பது மைல் வேக எல்லையில் முப்பத்தெட்டு. முதலில் சாலையோரக் கேமரா வேன் பிழையாகப் படித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். நீ அந்தச் சாலைப் பக்கமே வருவதில்லையே. மூன்றரை வருஷமாக மலையைச் சுற்றிக்கொண்டுதானே போகிறாய்?

கடிதத்தைப் பிரித்தபோது, ஜாம் கொடுக்க வந்த பெரில் சமையலறையில் நின்றாள். என்னோடு மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சாலையோரம் நின்று வண்டிகளின் வேகம் அளப்பவள் அல்லவா, எட்டிப் பார்த்துவிட்டாள். "ஷெரிஃப் பொண்டாட்டியே மாட்டிக்கிட்டாளா!" என்று சிரித்தாள்; இப்போது ஊரில் என்னை ஷெரிஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்புறம் எந்தச் சாலை என்று பார்த்ததும் ஜாம் பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

யார் ஓட்டினார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். நான்தான் ஓட்டினேன் என்று எழுதிவிடட்டுமா? உனக்கு வேலைக்குக் கார் வேண்டும். எனக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது?

அன்புடன்,
ரஸ்ஸல்

லட்லோ
14 அக்டோபர் 2023

அன்புள்ள ரஸ்ஸல்,

வேண்டாம். என் பெயரையே எழுது. அப்படிப் பொய் எழுதி ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு என்று உனக்குத் தெரியாதா? அதை விடு, நான் செய்தது என்னுடையது. உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

அந்த வேன், நீ இரண்டு வருஷம் மனு எழுதி எழுதி வரவழைத்ததுதானே? நன்றாகவே வேலை செய்கிறது. வாழ்த்துகள்.

கேலி செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனமில்லை. அன்றைக்கு மலைச் சாலையில் வெள்ளம். அந்தப் பக்கம் பண்ணையில் ஒரு கிழவருக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், ஏற்கெனவே தாமதம். நர்ஸ் வேலைக்கு என்று வந்துவிட்டு அழுதுகொண்டு ஓரமாக நிற்க முடியுமா? சேப்பல் சாலை வழியாகப் போனேன். தூரத்தில் அந்த விளக்குக் கம்பம் தெரிந்தது, நீ கட்டிவைத்த பூவும் தெரிந்தது. நம் ஃப்ரேயா விழுந்த இடத்தை என்னால் மெதுவாகக் கடக்க முடியவில்லை. அது பின்னால் போகும் வரை மிதித்தேன், அவ்வளவுதான். உலகத்தில் எல்லோரும் மெதுவாகப் போக வேண்டிய ஒரே இடத்தில் நான் வேகமாகப் போனேன். அவளைக் காரால் இடித்த பையனும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் வந்தான். இதை நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

லொரெய்ன்

ஆஷ்கோட்
1 நவம்பர் 2023

அன்புள்ள லொரெய்ன்,

நான் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். இந்நேரம் உனக்கும் கடிதம் வந்திருக்கும். அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் மூன்று புள்ளியும், அல்லது வேகமாக ஓட்டியவர்களுக்கான அரைநாள் வகுப்பு. வகுப்பையே எடுத்துக்கொள். புள்ளி ஏறினால் நான்கு வருஷம் உரிமத்தில் கிடக்கும். வகுப்பு ஒன்றும் மோசமில்லை. வருகிறவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு, தங்களை மட்டும் அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். முடியும்போது பாதிப்பேராவது எதையோ யோசித்துக்கொண்டு போவார்கள். நான் வாரா வாரம் கடைசியில் ஐந்து நிமிஷம் ஃப்ரேயாவைப் பற்றிப் பேசப் போகிறவன் என்பதால் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சேரலாம், ஹெரிஃபோர்டிலும் நடக்கிறது. ரக்பி கிளப் மாடியில் நடக்கும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் மட்டும் சேராதே.

மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போகாதே. சொன்னால் கேட்கமாட்டாய், தெரியும்.

அன்புடன்,
ரஸ்ஸல்

லட்லோ
8 நவம்பர் 2023

அன்புள்ள ரஸ்ஸல்,

கடிதம் வந்தது. புள்ளியையே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் படம் போட்டு என்ன கற்றுத்தரப் போகிறார்கள்? முப்பதில் அடித்தால் என்ன ஆகும், நாற்பதில் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்கு அவர்கள் சொல்வதா? நான் அவர்களுக்குச் சொல்லுவேன்.

ஆனால் நீ ஏன் உன் வகுப்புக்கு வராதே என்கிறாய்? வாரம் தவறாமல் முன்பின் தெரியாத இருபது பேருக்குச் சொல்வதை நான் மட்டும் கேட்கக் கூடாதா? டீக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் அவளை எடுத்து வைத்துப் பேசுகிறாய், என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நான் வீட்டை விட்டு வந்ததற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் "ஏன் அவளை அனுப்பினே?" என்று கேட்டாயே. ஒரே தடவைதான் கேட்டாய். நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லொரெய்ன்

ஆஷ்கோட்
13 நவம்பர் 2023

அன்புள்ள லொரெய்ன்,

அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். வழி தேடாமலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் வராதே. கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஐந்து நிமிஷம் உன் காதுக்கானது இல்லை.

ரஸ்ஸல்

லட்லோ
17 ஜனவரி 2024

அன்புள்ள ரஸ்ஸல்,

நேற்று வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. நீ யாரையும் பார்ப்பதில்லை, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாய். கடைசி வரிசையில், லாரி ஓட்டுகிற ஒரு பெரிய மனிதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ வராதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் புள்ளியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் உனக்கு அது தெரியவில்லை.

வகுப்பு நீ சொன்ன மாதிரிதான். டீ ஆறிப்போயிருந்தது. சொல்லிக்கொடுத்த பெண் நல்லவள். பக்கத்தில் இருந்த அம்மாள், "நான் அஞ்சு மைல்தாங்க கூடப் போனேன், அதுக்குப் போய் இப்படியா?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். நானும் தலையாட்டினேன்.

அப்புறம் நீ எழுந்தாய். "அன்னைக்கு பான்கேக் செவ்வாய், எல்லா வீட்லயும் பான்கேக் சுடுற நாள். சாயங்காலம் நான்தான் மாவு கலக்கிட்டிருந்தேன். மேல பிழியற எலுமிச்சம்பழம் தீர்ந்துபோச்சு. நான்தான் என் மகளைக் கடைக்கு அனுப்பினேன்."

பக்கத்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், அந்த மனுஷனே அனுப்பிச்சிருக்காரு, எப்படித்தான் தாங்குறாரோ" என்றாள். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனக்காகத்தான் இப்படி மாற்றிச் சொல்கிறாய் என்று புரிந்தது. வராந்தாவில் கேட்டதை இப்படித்தான் வாரா வாரம் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறாய். யாருமே என்னைக் குறை சொல்லக் கூடாது என்று பழியை உன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாய். கீழே இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்து, உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நன்றி வரவில்லை, ரஸ்ஸல். வந்தது கோபம்தான்.

அந்தச் சமையலறை என்னுடையது. அதில் நீ இல்லை. நானும் அவளும்தான் இருந்தோம். எலுமிச்சம்பழம் வேண்டும் என்றேன். "பாட்டில் ஜூஸ் இருக்கே, அதை ஊத்திக்கயேன்" என்றாள். அது பான்கேக்குக்குச் செய்யும் துரோகம் என்றேன். "நான் என்ன உனக்கு டெலிவரி பாயா?" என்றாள். சாக்லேட் க்ரீம் வாங்கிக்கொள்ளலாம் என்றதும் உடனே கிளம்பிவிட்டாள், திருடி. அவள் கோட்டு ஈரமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய, நீ மீன் பிடிக்கப் போட்டுக்கொண்டு போகும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கோட்டின் கைகள் அவள் விரல்களுக்குக் கீழே தொங்கின. முகர்ந்து பார்த்துவிட்டு, "அய்யே, அப்பா மாதிரியே மீன் நாத்தம்" என்றாள். என்றாலும் கழற்றவில்லை, கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டாள். நான், "எலுமிச்சம்பழம் இல்லாம வந்தா கதவைத் திறக்கமாட்டேன்" என்றேன். "ஜன்னல் வழியா வருவேன் போ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது இந்த நாலு பேச்சுதான். நான் அனுப்பினேன் என்பது எனக்குத் தினமும் வலிக்கிறது. ஆனால் நான் அனுப்பவில்லை என்றால் அவளும் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று ஆகிவிடும். வலியை எடுத்துக்கொள்வதாக நினைத்து அவளையும் எடுத்துக்கொண்டுவிட்டாய். திருப்பிக் கொடுத்துவிடு. அடுத்த முறை சொல்லும்போது, அவள் அம்மாதான் அனுப்பினாள் என்று சொல். கேட்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

திரும்பும்போது சேப்பல் சாலை வழியாகவே வந்தேன். இருபதில் ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பூ வாடியிருந்தது, மாற்றிவிடு.

இன்னொன்று. காரை என் பெயருக்கு மாற்றிக் கொடு. எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

லொரெய்ன்

ஆஷ்கோட்
14 பிப்ரவரி 2024

அன்புள்ள லொரெய்ன்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். மூன்று வாரம் உடம்பு சரியில்லை என்று போகவே இல்லை. நேற்றுப் போனேன். நேற்றுப் பான்கேக் செவ்வாய் என்று அங்கே போய்த்தான் நினைவு வந்தது.

"அவ அம்மாதான் எலுமிச்சம்பழம் வாங்க அனுப்பினாங்க" என்றேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை. அது அவர்களுக்கு எதற்கு? அனுப்பியது நீ என்பதை மட்டும் சொன்னேன். யாரும் உன்னைக் குறையாக நினைத்த மாதிரி தெரியவில்லை. எந்த அம்மாதான் அனுப்பமாட்டாள்?

அதற்கப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். "நான்" என்று தொடங்கினேன், மேலே போக ஒன்றுமே இல்லை. நான் அன்று தீவன மில்லில் வேலையில் இருந்தேன். காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவளோடு என்ன பேசினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. இருபது பேர் முன்னால் நின்று யோசித்தேன். டீச்சர் வந்து தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

உனக்காகத்தான் மாற்றிச் சொல்கிறேன் என்று நானும் இத்தனை நாள் நம்பியிருந்தேன். பாதி அதுதான். ஆனால் வாரா வாரம் மாவு கலக்கிக்கொண்டு அவளோடு அந்தச் சமையலறையில் நின்றேனே லொரெய்ன், அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியாக அவளோடு பேசியவன் நானாக இருந்தேன். அது இனி இல்லை. உன்னுடையதை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் பேசப் போவதில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பூ மாற்றிவிட்டேன். கார்ப் பதிவுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு மன்னித்துக்கொள். உன் கார் விஷயமாக எனக்கு ஏதாவது வந்துகொண்டிருந்தால், உனக்கு எழுத ஒரு சாக்கு இருக்கும் என்று இருந்துவிட்டேன். இனி எல்லாம் நேராக உன் வீட்டுக்கே வரும்.

அன்று அவள் போட்டிருந்ததை வைத்துப் போலீஸ்காரர்கள் கொடுத்த பையை நான் இதுவரை பிரித்ததே இல்லை, மாடி அலமாரியில்தான் இருந்தது. நேற்று வீட்டுக்கு வந்ததும் பிரித்தேன். அதிலிருந்த கோட்டைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், பழைய கொக்கியிலேயே மாட்டியிருக்கிறேன். கழுத்துவரை பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். நான்கு வருஷம் ஆகியும் மீன் நாற்றம் போகவில்லை. அவள் சொன்னது சரிதான்.

ரஸ்ஸல்